பூவராகன் தோளுக்கு வந்த மெஷின்

மேற்குத் தெரு வழுக்குமரக் கோஷ்டியைப் பற்றி யாராவது உங்களிடம் கேவலமாகப் பேசினால் நம்பிவிடாதீர்கள். என்னிடம் வாருங்கள், இன்னும் கேவலமாகச் சொல்கிறேன். நான் அதே தெருக்காரன்.

கோஷ்டியில் நான்கு பேர். அடியில் பூவராகன் நிற்பார். நெல் குதிர் மாதிரி ஆள். அவர் தோளில் தனவேல், தனவேல் தோளில் மாயவன், மாயவன் தோளில் கலியன். ஒவ்வொரு கிருஷ்ண ஜயந்திக்கும் பெருமாள் கோயில் எதிரே இருபதடி மரம் நட்டு, விளக்கெண்ணெயும் கற்றாழைச் சோறும் பூசி, உச்சியில் ஒரு பித்தளைச் செம்பைக் கட்டிவிடுவார்கள். ஏறுகிறவர்கள் மேல் ஊரே தண்ணீரை வாரி இறைக்கும். செம்பை எடுக்கிற தெருவுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் ஊரில் தனி மரியாதை. எங்கள் தெருவுக்கு அந்த மரியாதை கிடைத்துப் பதினாலு வருஷமாகிறது. பூவராகன் அடியில் நிற்க ஆரம்பித்தும் பதினாலு வருஷமாகிறது. நான் இரண்டையும் சேர்த்துப் பேசவில்லை.

மரத்தில் நிற்கும்போது கீழே இருப்பவனுக்கு மரத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே மேலே இருப்பவன் சொல்ல வேண்டும், கீழே இருப்பவன் செய்ய வேண்டும். நடுவில் எவனாவது கேள்வி கேட்டால் நான்கு பேரும் விழுவார்கள். இது கோஷ்டியின் சட்டம். மரத்தில் நல்ல சட்டம்தான். இந்தப் புண்ணியவான்கள் தரைக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. ஒருமுறை தபால்காரர் மாயவனைப் பார்த்து, "இங்கேயே நில்லு, கையெழுத்து வாங்கணும்" என்று சொல்லிவிட்டு அப்படியே சாப்பிடப் போய்விட்டார். மாயவன் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றான்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு வருஷம் தனவேல் இரண்டு வடை கூடுதலாகத் தின்றுவிட்டு ஏறியதில் பூவராகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எது வந்தாலும் சரிபாதியில் பாதி, அதாவது நான்கு பங்கு.

இந்த வருஷம் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது பூவராகனின் வலது தோள் இறுகிப்போயிற்று. மூட்டை தூக்கினாரா என்றால் இல்லை. கிணற்றில் இறங்கினாரா என்றால் அதுவும் இல்லை. முதுகு சொறிந்தார், அவ்வளவுதான். தூக்கிய கை இறங்கவில்லை. அப்படியே தெருவில் நடந்து வந்தவரைப் பார்த்து, தம்மைத்தான் கூப்பிடுகிறார் என்று இரண்டு ஆட்டோக்கள் நின்றன.

சேதி விழாக் கமிட்டித் தலைவர் நமச்சிவாயம் காதுக்குப் போய், அவர் பூவராகன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பூவராகா, முடியலன்னா இப்பவே சொல்லிடு. ஒம்மச்சான் ராசாங்கம் அடியில நிக்கறேங்கறான்."

பூவராகன் முகம் சுருங்கிப்போயிற்று. அவருக்கு ஊரில் வேறு பெருமை எதுவும் கிடையாது. பயிர் வைத்தால் பூச்சி தின்னும், மாடு வாங்கினால் அவரை மட்டும் உதைக்கும். வருஷத்தில் ஒரு நாள், மூன்று பேர் தன்னை நம்பித் தன் தோளில் ஏறி நிற்கிறார்கள் என்ற ஒன்றுதான். அதையும் மச்சான் கொண்டுபோனால் மனுஷன் உடைந்துபோவார். அவரைப் பார்த்துச் சிரிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு, எனக்கே அன்றைக்குப் பாவமாக இருந்தது.

டவுனில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, தசைதான் பிடித்திருக்கிறது என்று பிசியோதெரபி பார்க்கிற ரெஜினாவிடம் அனுப்பினார். நான்கு பேரும் போனார்கள். ரெஜினா தோளை அமுக்கிக் கையை மெல்ல இறக்கிவிட்டு, ஒரு மெஷினை எடுத்து வைத்தார். செல்போன் அளவு டப்பா. அதிலிருந்து இரண்டு ஒயர். ஒவ்வொரு ஒயரும் நுனியில் இரண்டாகப் பிரிந்து, மொத்தம் நான்கு ஒட்டுப் பட்டைகள். தோலில் ஒட்டிப் பட்டனை அழுத்தினால் லேசான மின்சாரம் போய்த் தசையைத் துடிக்க வைக்கும்.

"இத வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார் ரெஜினா. "தோல்ல எண்ணெய், ஈரம் எதுவும் இருக்கக் கூடாது. பூஜ்யத்துலேருந்து ஒவ்வொண்ணா ஏத்துங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அங்க நிறுத்திடுங்க. வலிக்கற அளவுக்குப் போகக் கூடாது. நெஞ்சுல, தலையில, கழுத்து முன்பக்கம் ஒட்டவே கூடாது. காலையில இருபது நிமிஷம், சாயந்திரம் அஞ்சு மணிக்கு இருபது நிமிஷம். ஆஃப் பண்ணிட்டுத்தான் பட்டையை எடுக்கணும். ஒருத்தர் பட்டையை இன்னொருத்தர் போடக் கூடாது. கொழந்தைங்க கைக்கு எட்டாத எடத்துல வைங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க."

நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் விழுந்துவிடுவார்கள் அல்லவா.

வீட்டுக்கு வந்ததும் முதல் பிரச்சினை, மெஷினை எங்கே வைப்பது என்பது. பூவராகன் வீட்டில் குழந்தையே கிடையாது. ஒரே பெண்ணையும் கட்டிக்கொடுத்தாயிற்று.

"யாரு கொழந்தைன்னு அந்தம்மா சொல்லல" என்றான் தனவேல். "எல்லாக் கொழந்தையும்தான்."

"பரண் மேல வைக்கலாம்" என்றார் பூவராகன்.

மாயவன் வெகுநேரம் யோசித்தான். "அண்ணே, கொழந்தை வளருமே. வளந்தா எட்டுமே."

உடனே பரணைக் கைவிட்டார்கள். எவ்வளவு வளர்ந்தாலும் எட்டாத இடம் எங்கள் தெருவில் ஒன்றுதான் இருந்தது. பூவராகன் வீட்டுக் கொல்லையில் அவர்கள் நட்டு வைத்திருந்த பயிற்சி மரம். வருஷம் முழுக்க எண்ணெய் பூசிக் கிடக்கும். ஏணியைச் சாத்தி, மெஷினை மஞ்சள் பையில் போட்டு, கலியன் ஏறி உச்சியில் மாட்டிவிட்டு இறங்கினான். இறங்கியதும் அவனுக்கு ஒரு பயம் வந்தது.

"இந்த ஏணி இருக்கற வரைக்கும் கொழந்தைக்கு எட்டும்."

அரை மணியில் ஏணி விறகாகிவிட்டது. பூவராகன் மனைவி செண்பகவல்லி வெளியே வந்து பார்த்தாள்.

"எங்கப்பா சீரா குடுத்த ஏணிடா அது."

"எல்லாம் பாதுகாப்புக்குத்தான், அக்கா" என்றான் தனவேல்.

மறுநாள் காலை மெஷினை எடுக்க வேண்டும். ஏணி அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பூவராகன் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்க, வலிக்கிற தோளுக்கு வைத்தியம் பார்ப்பதற்காக அதே தோளில் மூன்று பேர் ஏறினார்கள். வலது பக்கம் மிதிபடும்போதெல்லாம் அவர் பெருமாளைக் கூப்பிட்டார். ஆறு தடவை சரிந்தார்கள். ஏழாவது தடவை, பதினாலு வருஷமாக எட்டாத உச்சியைக் கலியன் எட்டிப் பையைப் பிடித்துவிட்டான். பிடித்த சந்தோஷத்தில் நான்கு பேரும் கையை விட்டு வைக்கோலில் விழுந்தார்கள். சாயந்திரமும் அதே கதை. எடுக்க ஒரு ஏற்றம், திரும்ப வைக்க ஒரு ஏற்றம், ஒரு நாளைக்கு நான்கு.

அடுத்தது, எண்ணெய். வழுக்குமரம் ஏறுகிறவனுடைய உடம்பில் எண்ணெய் இல்லாத இடம் ஏது? சீயக்காய் போட்டு மூன்று தரம் பூவராகனைத் தேய்த்தார்கள். இப்போது எண்ணெய் போய் ஈரம் வந்துவிட்டது. ஈரமும் கூடாது. களத்துமேட்டில் பாயை விரித்து, மிளகாய் காயவைக்கிற மாதிரி அவரைக் கிடத்தி, கால் மணிக்கு ஒருமுறை புரட்டிவிட்டார்கள். மாயவன் காக்கை ஓட்டினான். வெயிலில் வியர்வை ஊற்றியது. வியர்வை ஈரம்தானே என்று மறுபடி துடைத்து மறுபடி காயவைத்தார்கள். பதினொரு மணிக்குச் செண்பகவல்லி துண்டை எடுத்துத் தோளை மட்டும் ஒரு நிமிஷத்தில் துடைத்துவிட்டுப் போனாள்.

பிறகு நான்கு பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் மெஷின்.

"ஒருத்தர் பட்டையை இன்னொருத்தர் போடக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றான் தனவேல்.

"நாலு பட்டை இருக்கு" என்றான் கலியன்.

"நாம நாலு பேரு" என்றான் மாயவன், மூக்கில் விரல் வைத்து. "அந்தம்மா கணக்காத்தான் குடுத்திருக்காங்க."

பட்டைகளின் பின்பக்கம் பேனாவால் பெயர் எழுதி ஆளுக்கு ஒன்றாகத் தோளில் ஒட்டிக்கொண்டார்கள். எல்லாரும் வலது தோளில்தான், பங்கு பங்காக இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு ஒயருக்கு இரண்டு பட்டையும் ஒரே உடம்பில் இருந்தால்தான் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்பதால் அவர்களையும் கிட்டே விடவில்லை.

கலியன் பூஜ்யத்திலிருந்து ஒன்று வைத்தான்.

"எறும்பு ஊருதா அண்ணே?"

"எந்த எறும்பு?" என்றார் பூவராகன்.

சின்ன எறும்பா, கட்டெறும்பா, சிவப்பெறும்பா? ஊர்வது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. சும்மா ஞாபகத்தை நம்பி வைத்தியம் பார்க்க முடியுமா? மாயவன் எழுந்து போய்ச் சர்க்கரை போட்ட கொட்டாங்குச்சியில் மூன்று ஜாதி எறும்பையும் பிடித்து வந்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவற்றைப் பூவராகனின் இடது தோளில் விட்டார்கள்.

"இப்ப ஊருது" என்றார் பூவராகன்.

"மெஷினா, எறும்பா?"

"கடிக்குதுடா."

"அப்ப அது மெஷின் இல்ல. ஏத்து."

ஐந்து வைத்தார்கள், பத்து வைத்தார்கள். வலது தோளில் ஒன்றும் தெரியவில்லை. இருபது வைத்தார்கள். மெஷினில் அதற்கு மேல் எண்ணே இல்லை. அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"செத்துப்போச்சுடா என் தோளு. மிஷினு முழுசா வச்சும் ஒறைக்கல. ராசாங்கமே நிக்கட்டும். பதினாலு வருஷம் ஒங்க மூணு பேரு காலையும் தாங்கினேன், அது போதும் எனக்கு."

தனவேலுக்கு மனசு தாங்கவில்லை. "அப்படிச் சொல்லாதண்ணே" என்று எட்டி அவர் தோளில் கையை வைத்தான்.

ஒரே ஒயரின் இரண்டு பட்டைகள் அந்த இரண்டு பேருடையவை. மெஷின் இருபதில் இருந்தது. அடுத்த கணம் பூவராகனின் தோள் காதுவரை துள்ளியது, தனவேலின் கை உறியடிக்கிற மாதிரி மேலே போய் வந்தது, கொட்டாங்குச்சி பறந்து கலியன் மடியில் கவிழ்ந்தது. நல்லவேளை, இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் விழுந்ததில் தொடுப்பு விட்டுப்போயிற்று.

கலியன் எறும்பைத் தட்டிவிட்டு மெஷினை அணைத்தான். பிறகு நெடிய ஆலோசனை நடந்தது. என்ன செய்தபோது மெஷின் வேலை செய்தது என்று ஒவ்வொன்றாக யோசித்தார்கள். அண்ணன் அழுதார். தனவேல் ஆறுதல் சொன்னான். மெஷின் பிடித்துக்கொண்டது.

"அழுதா பிடிக்குதா, ஆறுதல் சொன்னா பிடிக்குதா?" என்றான் மாயவன்.

"அண்ணன் அழுதப்ப மெஷினு சும்மாதான் இருந்துச்சு" என்றான் கலியன். "ஆறுதல்தான்."

மூன்று நாள் இப்படியே போயிற்று. காலையும் சாயந்திரமும் மரம் ஏறி மெஷினை எடுப்பார்கள். பூவராகன் தன் கஷ்டங்களைச் சொல்லுவார், பூச்சி, மாடு, மச்சான் என்று. தனவேல் தோளைத் தொட்டுத் தொட்டு ஆறுதல் சொல்லுவான். இரண்டு பேரும் துள்ளுவார்கள். மூன்றாம் நாள் தோள் முன்னைவிட மோசமாகி, தனவேலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

நான்காம் நாள் ரெஜினா முன்னால் நின்றார்கள்.

"மெஷினு நல்லா வேலை செய்யுதும்மா" என்றான் கலியன். "ஆறுதல் சொல்ற ஆளுக்குத்தான் மாத்திரை வேணும்."

ரெஜினா முழுக் கதையையும் கேட்டார். நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"நாலு பட்டையும் ஒருத்தர் தோள்லதான் ஒட்டணும். இவருக்கு மட்டும்தான் வைத்தியம்" என்றார்.

"அப்ப எங்களுக்கு?" என்றான் மாயவன்.

"உங்களுக்கு எங்க வலிக்குது?"

"வலிக்கல. பங்கு."

"என்னைக் கேக்காம நம்பரை அவ்வளவு ஏத்தினீங்களே, யாருக்காவது இதயத்துல மெஷின் வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேளை பொழைச்சீங்க." அதற்குமேல் அவர் இந்த நான்கு பேரிடம் பேசவே இல்லை. செண்பகவல்லிக்குப் போன் போட்டார். புதுப் பட்டை நான்கு கொடுத்து, எங்கே ஒட்ட வேண்டும் என்று தாளில் தோள் படம் வரைந்து, மெஷினைப் பூட்டிய பீரோவில் வைத்துச் சாவியை அவளே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதைச் சொல்ல ஒன்றுமில்லை. செண்பகவல்லி தோளைத் துடைத்து ஒட்டுவாள், மூன்றோ நாலோ வைப்பாள், இருபது நிமிஷம் அவரைப் பேசவிட மாட்டாள். ரெஜினா சொன்ன பயிற்சியையும் செய்யவைப்பாள். போட்டிக்கு முதல் நாள் பூவராகனின் கை தலைக்கு மேல் போய், போன வழியே திரும்பியும் வந்தது. ரெஜினா பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு தலையாட்டினார்.

"நில்லுங்க. ஆனா விழக் கூடாது. விழுந்தீங்கன்னா இந்தத் தோள் ஆறு மாசத்துக்கு எழும்பாது."

"விழ மாட்டோம்" என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுநாள் நாலு மணிக்கு மேற்குத் தெருவின் முறை. ராசாங்கம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று ஓரமாக நின்றான். பூவராகன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டார். தனவேல் ஏறினான், மாயவன் ஏறினான். ஊர் குடம் குடமாகத் தண்ணீரை அடித்தது. மூன்று நாள் பன்னிரண்டு தடவை மெஷினுக்காக ஏறிய கால்களுக்கு இது புதிதில்லை. கலியன் போய்ச் செம்பை அறுத்து எடுத்துவிட்டான்.

ஊர் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்தன. பூவராகனுக்கு எதுவும் தெரியாது. எண்ணெய் மரத்தில் மூக்கை அழுத்திக்கொண்டு, "எடுத்தாச்சாடா, எடுத்தாச்சாடா?" என்று கேட்டார். மேலேயிருந்து மாயவனுக்கும், மாயவனிடமிருந்து தனவேலுக்கும், தனவேலிடமிருந்து அவருக்கும் பதில் இறங்கி வந்தபோது மனுஷன் மரத்தைப் பிடித்துக்கொண்டே தேம்பி அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். தண்ணீர் இறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"சரி, எறங்குங்கடா" என்றார் நமச்சிவாயம்.

நான்கு பேரும் அசையவில்லை.

"கீழேருந்து உத்தரவு வரக் கூடாதுங்க" என்றார் பூவராகன் பணிவாக. "மேலேருந்துதான் வரணும்."

"கலியா, நீ சொல்லுடா."

கலியன் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தான். "எறங்குன்னு சொல்லிடலாங்க. எப்படின்னு தெரியல. பதினாலு வருஷமா விழுந்துதான் எறங்கியிருக்கோம். இந்த வருஷம் விழக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

"ஏணி கொண்டாங்க" என்றது கூட்டம்.

"ஏணி போட்டா ஜெயிச்சது செல்லாது" என்றான் தனவேல்.

அரை மணி நேரம் கெஞ்சிப் பார்த்தார்கள். கோயிலுக்குள் சாமி புறப்பாட்டுக்குத் தயாராகி நின்றது. எதிரே மரம், மரத்தில் நான்கு பேர். கடைசியில் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. மரத்தின் உச்சியில் நாலு பக்கமும் கட்டியிருந்த கயிற்றை நாற்பது பேர் பிடித்துக்கொள்ள, அடியைத் தோண்டித் தளர்த்தி, மரத்தையே மெல்ல மெல்லச் சாய்த்துத் தரையோரமாகப் படுக்கவைத்தார்கள். நான்கு பேரும் அதைக் கட்டிப்பிடித்தபடி, ஒருவன் தோளில் ஒருவன் காலை வைத்தபடி, மரத்தோடு சேர்ந்து படுத்தார்கள். ஒருவன் பிடியும் நழுவவில்லை.

"யாரும் அசையாதீங்க" என்றான் கலியன்.

நமச்சிவாயம் குனிந்து பூவராகன் காதில், "அடுத்த வருஷமும் நீதான்யா அடியில" என்றார். ராசாங்கம் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பூவராகன் மண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

மணி ஐந்தாயிற்று. செண்பகவல்லி பீரோவைத் திறந்து மெஷினோடு வந்தாள். குப்புறக் கிடந்த புருஷனின் தோளில் எண்ணெயை வழித்து, சோப்புத் துணியால் துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றினாள்.

"தனவேலு, காலை அந்தாண்ட எடு. பட்டை ஒட்டணும்."

"மேலேருந்து சொல்லச் சொல்லுக்கா."

அவள் இருபதடி நடந்து போய்க் கலியனிடம் சொன்னாள். கலியன் மாயவனிடம் சொல்ல, மாயவன் தனவேலிடம் சொல்ல, தனவேல் காலை எடுத்து மரத்தின் மேல் வைத்துக்கொண்டான். அவள் நான்கு பட்டையும் ஒட்டி, பூஜ்யத்திலிருந்து மூன்று வைத்தாள். சாமி அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இருபது நிமிஷம் ஆனதும் அணைத்து, பட்டைகளை எடுத்து, டப்பாவில் வைத்து மூடினாள்.

"முடிஞ்சுது. எழுந்திருங்க."

"நான் எழுந்தா மேல இருக்கறவனுங்க கதி என்னாவறது?" என்றார் பூவராகன்.

அவள் வீட்டுக்குப் போய் ஒரு குண்டான் நிறைய இட்லி அவித்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து பூவராகன் கையில் கொடுத்தாள். அவர் தலைக்கு மேலாகத் தனவேலிடம் நீட்டினார். தனவேல் மாயவனிடம் நீட்டினான். மாயவன் கலியனிடம் நீட்டினான். கலியன், கன்னம் தரையில் பட்டுக்கொண்டிருக்க, ஒரு வாய் பிட்டுப் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். அவ்வளவு உயரத்துக்கு வந்து சேருவதற்குள் இட்லி ஆறிப்போய்விட்டதாம்.